பதினெட்டடிப் படகுக்கு ஒரு துணிக்கூரை

பிப்ரவரி 3

அன்புள்ள குண்டூசிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மகளும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் பேத்தி வாலு, பள்ளிக்கூடம் போக இன்னும் அழுகிறாளா? உன் காது எப்படி இருக்கிறது? போன முறை போனில் நான் கத்த, நீ "என்ன? என்ன?" என்று கத்த, பக்கத்தில் இருந்தவர்கள் நமக்குள் ஏதோ சொத்துச் சண்டை என்று நினைத்துவிட்டார்கள். அதனால் இனி கடிதம்தான்.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றதும் ஒரு படகு வாங்கினேனே, உன் அண்ணி இருந்தவரை "வந்துட்டா என் சக்களத்தி" என்று கரித்துக்கொட்டினாளே, அந்தப் பதினெட்டடிப் படகுதான். ஏரிக்கரைப் படகுத்துறையில் அதை ஒரு லிஃப்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். லிஃப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு இரும்புத் தூண், கம்பி வடம், ஒரு மோட்டார். பட்டனை அழுத்தினால் படகு தண்ணீரை விட்டு எழும்பி, நாம் நடந்து போகும் மரப்பாலத்தின் மட்டத்துக்கு வந்து நிற்கும். அடியில் பாசி பிடிக்காது. ஆனால் தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. வெயிலில் இருக்கையெல்லாம் வெடித்துவிட்டது. மழை பெய்தால் படகுக்குள்ளேயே மீன் வளர்க்கலாம்.

முப்பது வருஷமாகக் கடைக்கும் லாரிக்கும் கூரைத் துணி தைக்கிறாய். உன் அண்ணன் படகுக்கு ஒன்று தைக்க மாட்டாயா?

பதிலைப் படகுத்துறை அலுவலக முகவரிக்கே எழுது. வீட்டுத் தபால் பெட்டியின் மூடி உடைந்துவிட்டது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். வாலுவின் கன்னத்தை என் சார்பில் ஒரு முறை கிள்ளு.

அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வாலு இப்போது அழுவதில்லை, கடிக்கிறாள். என் காது அப்படியேதான். மெஷின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது, மனிதர்கள் பேசுவதுதான் கேட்பதில்லை. அதுவும் ஒரு வசதிதான். உனக்கு மூட்டு வலி எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலம் ஓடுகிறதா?

தைக்க மாட்டேனா என்று ஒரு கேள்வி வேறு! ஆனால் எனக்கு வேண்டியது கதை இல்லை, அளவு. தூணுக்குத் தூண் நீளவாக்கில் எவ்வளவு, அகலவாக்கில் எவ்வளவு? படகு மேலே ஏறி நிற்கும்போது அதன் உச்சி எங்கே வருகிறது? தூண்கள் மேல் குழாய்ச் சட்டம் போட யாராவது இருக்கிறார்களா? சட்டத்தின் நடு முதுகு உயரமாகவும் இரண்டு பக்கமும் சரிவாகவும் இருக்க வேண்டும். தட்டையாகப் போட்டால் மழைத் தண்ணீர் நடுவில் தேங்கி, துணி கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். துணியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டவே கூடாது. ரப்பர் கயிற்றில்தான் மாட்ட வேண்டும். சாதாரணக் காற்றுக்கு ரப்பர் தாங்கும். பேய்க்காற்று அடித்தால் அது அறுந்து, துணி பறந்து போய்விட வேண்டும். துணி போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், காற்று தூணோடு பிடுங்கிவிடும். எங்கள் பட்டறையில் யார் சேர்ந்தாலும் முதல் நாள் இதைத்தான் சொல்வோம். ஒரு துணி போனால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீட்டைப் பூட்டாமல் படகே கதி என்று கிடக்காதே.

தங்கை

மார்ச் 8

அன்புள்ள குண்டூசிக்கு,

நானும் மூட்டும் சுகம். நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

அளவு: நீளவாக்கில் இருபதடி. அகலவாக்கில் பத்தடி. படகின் உச்சியிலிருந்து தூண் தலை வரை மூன்றரை அடி. சட்டம் போட லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறார். நல்ல மனிதர், வாயைத் திறந்தால் மூட மாட்டார். "வெல்டிங் நான் பாத்துக்கறேன், துணிய மட்டும் வரவைங்க" என்கிறார்.

சில யோசனைகள் தோன்றின. பக்கத் துணி படகின் விளிம்புக்குக் கீழே ஒரு முழம் வரை இறங்கட்டும். முன்னும் பின்னும்கூட மூடியிருந்தால் நல்லது. மரப்பாலத்துப் பக்கம் ஒரு ஜிப் வை, அது உள்ளிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். ஏரிப் பக்கம் ஒரு ஜன்னல், அதற்குக் கொசுவலை. படகுக்குள் உட்கார்ந்து நான் ஏதாவது பழுது பார்ப்பேன் இல்லையா, அதற்காகத்தான். உட்கார்ந்தால் தலை இடிக்கக் கூடாது.

உன் வேலைக்கு நடுவில் தொந்தரவு கொடுக்கிறேன். சாப்பாடெல்லாம் வேளைக்கு நடக்கிறது. கவலைப்படாதே.

அண்ணன்

மார்ச் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் சுகத்தை அறிய ஆவல்.

உன் படகைக் கொசு கடிக்கிறதா? முப்பது வருஷத்தில் ஜன்னல் கேட்ட முதல் படகு உன்னுடையதுதான். பட்டறை முதலாளியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "இது கூரையா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டார்.

நீ கேட்டபடி வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் யோசி. பக்கத் துணி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குக் காற்றைப் பிடிக்கும். நான்கு பக்கமும் மூடினால் அது கூரை இல்லை, பாய்மரம். வெறும் படகுக்கு இத்தனை மூடல் தேவையில்லை. பக்கத் துணி ஒரு சாண் போதும். சரி என்றால் வெட்டுகிறேன்.

வாலுவின் பள்ளிக்கூடப் படத்தை, மறதியில், உன் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டேன். அது திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் "இங்கு இல்லை, இடம் மாறிவிட்டார்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து அண்ணியின் தம்பி கையெழுத்து மாதிரி இருந்தது. அந்த வீடு அவர்கள் அப்பா பேரில்தானே இருந்தது? தபால்காரர் புதியவரோ என்னவோ.

பதில் போடு.

தங்கை

மே 14

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். உங்கள் நலம் தெரிய வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கொஞ்சம் வேலை.

ஆமாம், தபால்காரர் புதியவர்.

நீ வரைந்த படம் அருமை. நீ சொன்னதை யோசித்தேன். பக்கத் துணி ஒரு முழமே இருக்கட்டும். நான்கு பக்கமும் மூடியே இருக்கட்டும். இன்னொரு சின்ன விஷயம். கூரையில் முன்பக்கம் நான்கடிக்கு வெளிர் நிறத் துணி வைக்க முடியுமா? காலையில் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வந்தால் பூசணம் பிடிக்காது. பேப்பர் படிக்கவும் ஆகும்.

உங்கள் பக்கம் வந்து எத்தனை வருஷமாயிற்று! மகள் வீடு வசதியாக இருக்கிறதா? எத்தனை அறை? சும்மா கேட்கிறேன்.

போன வாரம் இங்கே முதல் தூறல். மழைக்கு முன்னால் துணி வந்தால் நல்லது. நல்லது என்றால், ரொம்ப நல்லது.

அண்ணன்

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். உனக்கு இருமல் ஏதும் இல்லையே? ஈரக் காற்று உனக்கு ஆகாது.

துணி தயார். இந்தக் கடிதத்தோடு பார்சலும் வரும். நீ கேட்டதெல்லாம் இருக்கிறது. ஜிப்புக்கு உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பிடி வைத்திருக்கிறேன். உள்பக்கம் நான்கு பைகளும் தைத்திருக்கிறேன். படகுக்கு எதற்குப் பை என்று கேட்காதே, துணி மிச்சம் இருந்தது. தையல் எல்லாவற்றையும் இரட்டையாகப் போட்டு, மேலே மெழுகு தேய்த்திருக்கிறேன்.

கட்டுவதைப் பற்றி முன்பு எழுதியதை விட்டுவிடு. ரப்பர் கயிறு வேண்டாம். துணியோடு சேர்த்தே பட்டை நாடாவும் கொக்கியும் தைத்துவிட்டேன். சட்டத்தில் மாட்டி இழுத்து இறுக்கினால் போதும். இருபத்தெட்டு இடம். ஒன்றையும் விடாமல் மாட்டு.

கிடைத்ததும் எழுது.

தங்கை

ஜூலை 1

அன்புள்ள குண்டூசிக்கு,

நலமோ நலம்! நீயும் வீட்டாரும் நூறு வருஷம் சுகமாக இருங்கள்.

துணி வந்தது, ஏறியது, மழையும் வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உள்ளே வரவில்லை! துறையில் உள்ளவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து லிஃப்டில் ஒரு பெரிய படகு நிற்கிறது, அதன் சொந்தக்காரர் யார் தைத்தது என்று கேட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னேன், மீசை இல்லாவிட்டாலும்.

மெக்கானிக்தான் உன் நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இது அறவே அறாதே சார்" என்றார். "என் தங்கச்சி தச்சதுய்யா, எப்படி அறும்?" என்றேன். "அறணும் சார், அதான் வழக்கம்" என்று முணுமுணுத்தார். அவருக்கு எதிலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும்.

மழைச் சத்தம் துணி மேல் கேட்கக் கேட்க என்ன தூக்கம் வருகிறது தெரியுமா! மத்தியானம் பழுது பார்க்க உட்கார்ந்திருந்தபோது வந்த தூக்கத்தைச் சொல்கிறேன்.

வெளிர்த் துணி வழியாக வரும் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இரண்டு மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். பட்டறையில் வேலையும் கழுத்தை நெரிக்கிறது.

துணி நன்றாக இருப்பதில் சந்தோஷம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மகளுக்கு வேலை இடத்தில் மாற்றல் வரும்போல இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். வானொலியில் பெரிய காற்று வரும் என்று சொன்னால், உடனே துணியைக் கழற்றி மடித்து வைத்துவிடு. கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், நேரமாகும், அதனால் முன்கூட்டியே செய். செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடு.

தங்கை

செப்டம்பர் 20

அம்மாவுக்கு வணக்கம்.

நான் படகுத்துறை லிஃப்ட் மெக்கானிக். உங்கள் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவருக்கு வலது கையில் சின்னக் கட்டு, அதனால் பேனா பிடிக்க முடியவில்லை.

அன்புள்ள குண்டூசிக்கு, நான் நலம். நீங்கள் நலமா? பன்னிரண்டாம் தேதி காலையில் இங்கே கொஞ்சம் காற்று. லிஃப்டின் இரண்டு தூண் வளைந்துவிட்டது. படகு சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. எனக்குக் காலில் லேசான அடி. ஆனால் ஒன்று கேள், உன் துணியில் ஒரு தையல் பிரியவில்லை! ஒரு நாடா அறவில்லை! வெளியே இழுத்துப் போட்டபோது துறையே வாயைப் பிளந்தது. தூண் வளைந்தது, என் தங்கை தையல் வளையவில்லை. நீ கவலைப்படாதே. இப்படிக்கு அண்ணன்.

அம்மா, இனி நானே எழுதறது. அவர் கண்ண மூடிப் படுத்திருக்கார். லேசான அடி இல்ல, தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில கம்பி வெச்சு அனுப்பிட்டாங்க. காத்து அடிச்சப்ப அவர் படகுக்குள்ளதான் இருந்தார். போன நவம்பர்லேந்து அங்கதான் இருக்கார். சம்சாரத்தோட தம்பி வீட்டக் காலி பண்ணச் சொன்னதும் ரெண்டு பெட்டியோட வந்தவர். தனி ஆள், இந்த வயசு, ரூம் கேட்ட இடத்துலல்லாம் யோசிச்சாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார்.

படகு கவுந்ததும் தண்ணிக்குள்ளயே அந்த ஜிப்பத் திறந்து வெளிய வந்துட்டார். அது இருந்ததால பொழைச்சார். துணி பறந்திருந்தா தூண் நின்னிருக்கும், அதையும் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப என் சாமான் அறையில படுத்திருக்கார். மாசக் கடைசி வரைக்கும்தான் துறை முதலாளி விட்டிருக்கார். படகக் கரையில கட்டைங்க மேல ஏத்தி நான் சரி பண்றேன். அவர் திரும்ப அதுக்குள்ளதான் போவேங்கறார்.

செப்டம்பர் 29

அண்ணா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை மெக்கானிக் தம்பி படித்துக் காட்டினால் பரவாயில்லை, அவரும் கேட்கட்டும்.

எனக்குத் தெரியும். மார்ச் மாதத்திலிருந்தே தெரியும். கொசுவலை கேட்டபோது சந்தேகம் வந்தது, உறை திரும்பி வந்தபோது உறுதியானது. அளவு நாடாவை வைத்துக்கொண்டு நீ படுக்கும் இடம் எது, தலை வைக்கும் இடம் எது என்று துணியில் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினேன். ரப்பர் கயிறு பெட்டியில் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அப்போது நினைப்பு வந்தது: ஒரு மழை நாளில் அது அறுந்து துணி பறந்தால், கீழே இருப்பது படகு இல்லை, என் அண்ணன். முப்பது வருஷம் எல்லோருக்கும் சொன்னதை மறந்து, பட்டை நாடாவை எடுத்துத் தைத்தேன். நீ நனையக் கூடாது என்று தைத்தேன். உன் காலை நான்தான் முறித்தேன்.

தெரியும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், நாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டாவது சரியான வழியைப் பிடித்திருப்போம். நீ படகு என்று எழுதினாய், நானும் படகு என்றே எழுதினேன். போன கடிதத்தில் வீட்டுக்குப் போய்விடு என்று எழுதினேனே, எந்த வீட்டுக்கு?

ஏன் எழுதவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். தெரியும் என்று எழுதினால், அடுத்த வரியில் வா என்று எழுத வேண்டும். இந்த வீட்டில் இரண்டே அறை. நான் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுக்கிறேன். காலையில் மாப்பிள்ளை எழுவதற்குள் கட்டிலை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டு, யாரும் படுக்காத இடம் மாதிரி ஆக்கிவிடுவேன். நேற்று வாய்விட்டே கேட்டேன். "பாக்கலாம் அத்தை" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பாக்கலாம் எனக்குப் பழக்கமானது, அது வந்தால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மகள் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை அண்ணா. துணி வெட்டத்தான் தெரியும். மறுபடி தைக்கிறேன். கரையில் கட்டை மேல் நிற்கும் படகுக்கு எப்படிச் சட்டம் வரும் என்று மெக்கானிக் தம்பியைக் கேட்டு எழுது. இந்த முறை படகின் நீளத்தை எழுதாதே. கட்டுப் போட்ட காலோடு நீ படுத்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று எழுது.

தங்கை

அக்டோபர் 16

அன்புள்ள குண்டூசிக்கு,

கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள், கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருந்தாலும் நானே எழுதுகிறேன். உன் கடிதத்தை மெக்கானிக் இரண்டு தடவை படித்துக் காட்டினார். மூன்றாவது தடவை அவரால் முடியவில்லை, என்னிடமே கொடுத்துவிட்டார்.

காலை நீ முறிக்கவில்லை. காற்று வரும் என்று முதல் நாளே வானொலியில் சொன்னார்கள். இருபத்தெட்டுக் கொக்கியையும் கழற்றினால் நான் எங்கே போவது என்று கழற்றாமல் விட்டவன் நான்.

நீ வா என்று எழுதியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். உன் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் வா என்று எழுதியிருக்கிறாயா என்று கடைசி வரி வரை பார்த்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

நீ கேட்ட அளவு. ஐந்தடி ஏழங்குலம். கால் மடங்காது, நீட்டியே படுக்க வேண்டும், அதனால் ஆறடி வைத்துக்கொள். சட்டத்தின் படத்தை மெக்கானிக் பின்பக்கம் போட்டிருக்கிறார். ரப்பர் கயிறே வை.

இரண்டு வாரம் கூடுதலாக விட்டுவைத்த முதலாளி, அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முந்தாநாளிலிருந்து படகில்தான் இருக்கிறேன், மேலே ஒரு பழைய சாக்குப் படுதா. மழை நிற்கவில்லை. எனக்குக் குளிர்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அண்ணன்